ரெப்பை எப்போது இறங்கியது?

அப்பா டிவி பார்க்கும்போது முகவாயைத் தூக்கிக்கொண்டுதான் பார்ப்பார். சாப்பிடும்போதும் அப்படித்தான், எதிரில் நிற்பவரிடம் பேசும்போதும் அப்படித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, கண்ணைக் கீழே இறக்கி ஒரு பார்வை. சேலம் செவ்வாய்பேட்டையில் அவர் வழக்கமாக வெள்ளி வாங்குகிற கடையில் ஒருவர் என் சித்தப்பாவிடம், "உங்க அண்ணனுக்கு இப்பல்லாம் தலைக்கனம் வந்துடுச்சுங்க, மூஞ்சத் தூக்கிக்கிட்டே பேசறார்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இன்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. முகத்தைத் தூக்காவிட்டால் எதிரில் நிற்பவரின் சட்டைப் பொத்தான் வரைக்கும்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பாவுக்கு 66 வயது. கொலுசு வேலை. சேலத்தில் குகை என்கிற பகுதியில் வாடகைக்கு ஒரு சின்னப் பட்டறை, அதில் குனிந்து உட்கார்ந்து கண்ணி கோத்து, ஒவ்வொரு கண்ணியாகப் பத்து வைக்கிற (உருக்கி ஒட்டுகிற) வேலை, நாற்பது வருஷத்துக்கு மேல். போன வருஷம் ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில், கை நிறைய ஆர்டர் இருந்தபோதே, "போதும் கண்ணு, இனிமே முடியாது, வயசாயிடுச்சு" என்று வேலையை நிறுத்திவிட்டார். கை நடுங்கவில்லை, முதுகும் வலிக்கவில்லை. குனிந்தால் கண் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான் அவர் சொன்னது. இடது கையால் ரெப்பையைத் தூக்கிப் பிடித்தால் தெரிகிறது, ஆனால் கொலுசு வேலைக்கு இரண்டு கையும் வேண்டுமே.

(மேல் இமையை எங்கள் வீட்டில் ரெப்பை என்றுதான் சொல்வோம். டாக்டர்கள் டோசிஸ் என்கிறார்கள், இமைத்தொய்வு என்றும் எழுதுகிறார்கள். நான் ரெப்பை என்றே எழுதிவிடுகிறேன்.)

இதற்கு முன்னால் நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. இரண்டு முறை கண்ணாடி மாற்றினோம். வலது கண்ணில் புரை என்றார்கள், அறுவை சிகிச்சை செய்தோம். புரை போனபின் நிறமெல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்றார், ஆனால் "மேல ஏதோ மறைக்குது" என்பதும் போகவில்லை, கொஞ்சம் அதிகம்கூட ஆனது. அதைச் சொன்னபோது அங்கே இருந்தவர்கள் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, லென்ஸ் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிட்டார்கள். கண்ணைப் பார்த்தார்கள், கண்ணுக்கு மேலே இருந்த கதவை யாரும் பார்க்கவில்லை. நாங்களும்தான் பார்க்கவில்லை.

கடைசியில் ரெப்பைக்கென்றே தனியாகப் படித்த ஒரு டாக்டரிடம் போனோம். கண் மருத்துவத்துக்குள்ளேயே ஓகுலோபிளாஸ்டி என்று ஒரு பிரிவு இருக்கிறது. ரெப்பை, கண்ணீர்ப் பை, கண்குழி இதெல்லாம் அவர்கள் வேலை. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மாதிரி பெரிய கண் மருத்துவமனைகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது தெரியாமலே எத்தனை வீட்டில் "வயசாச்சு" என்று விட்டுவிடுகிறார்களோ.

அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்போதிலிருந்து இப்படி?" நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் "ரெண்டு வருஷமா" என்றோம். அவர் தலையாட்டிவிட்டு, "பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்றார். அக்கா கல்யாண ஆல்பத்தைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். 2012-ல் எடுத்தது. பெரிதாக்கிப் பார்த்தால், மணவறையில் அப்பா நிற்கிறார், வலது ரெப்பை அப்போதே கொஞ்சம் கீழே, வலது புருவம் அப்போதே மேலே ஏறியிருக்கிறது. ஆதார் அட்டையில் இன்னும் கொஞ்சம் கீழே. பத்து வருஷத்துக்கு மேலாக, நகம் வளர்வது மாதிரி, யார் கண்ணிலும் படாமல் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. தினமும் பார்க்கிற முகத்தில் மாற்றம் தெரியாது என்பார்கள், எங்களுக்கு அது அப்படியே நடந்தது.

ஏன் அந்தக் கேள்வி முதல் கேள்வி என்பதைப் பிறகு நானே தேடிப் படித்தபோதுதான் முழுசாகப் புரிந்தது. தொங்கிய ரெப்பை பார்க்க எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிமிஷக் கணக்கில் இறங்கியதா, சாயங்காலம் மட்டும் இறங்குகிறதா, வருஷக் கணக்கில் இறங்கியதா, பிறக்கும்போதே இறங்கியிருந்ததா என்பதை வைத்துத்தான் அது சாதாரண விஷயமா, உயிர்போகிற விஷயமா என்று பிரிகிறது.

முதலில் அப்பாவின் கதையை முடித்துவிடுகிறேன். ரெப்பையைத் தூக்குவதற்கென்று லெவேட்டர் என்று ஒரு தசை. கண்குழியின் பின்கோடியிலிருந்து கண்ணுக்கு மேலாக முன்னால் வந்து, கடைசியில் தசையாக இல்லாமல் மெல்லிய நார்ப்பட்டையாகி, ரெப்பைக்குள் இருக்கிற விறைப்பான தகட்டில் ஒட்டிக்கொள்கிறது. மூளையிலிருந்து வரும் மூன்றாவது நரம்பு இதை இயக்குகிறது. இதற்கு அடியில் முல்லர் தசை என்று இன்னொரு சின்னத் தசை, அது ஒரு இரண்டு மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் தசை கெடுவதில்லை, அந்த நார்ப்பட்டைதான் நைந்து நீண்டுவிடுகிறது அல்லது தகட்டிலிருந்து நழுவிவிடுகிறது. வருஷக்கணக்கில் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கும், ஓயாமல் கண்ணைக் கசக்குபவர்களுக்கும் இளம் வயதிலேயே வரலாம். புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு வரும், கண்ணைத் திறந்து வைக்கிற கம்பி ரெப்பையை இழுப்பது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. டாக்டர் படம் போட்டு விளக்கியதும் அப்பா சொன்னார், "அப்ப கம்பி நல்லாத்தான் இருக்குதுங்க, பத்து விட்டுப்போச்சு." டாக்டருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. கொலுசில் ஒட்டு விட்டுப்போவதைத்தான் சொல்கிறார் என்று புரிந்ததும், "அதேதான் ஐயா" என்றார்.

அளந்தார். கண்மணியில் டார்ச் வெளிச்சம் பட்டு மின்னுகிற புள்ளியிலிருந்து மேல் ரெப்பையின் விளிம்பு வரை சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அப்பாவுக்கு வலதில் 1, இடதில் இரண்டரை. பிறகு புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்கச் சொல்லி, மேலே பார்க்கச் சொல்லி, ரெப்பை எவ்வளவு தூரம் ஏறுகிறது என்று பார்த்தார். 14 மில்லிமீட்டர், நல்ல தசை. புருவத்தை ஏன் அழுத்த வேண்டும் என்றால், இவ்வளவு காலமாக அப்பா ரெப்பையைத் தூக்கியது ரெப்பைத் தசையால் மட்டும் இல்லை, நெற்றித் தசையாலும்தான். விழித்திருக்கிற நேரமெல்லாம் நெற்றியால் இரண்டு ஷட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்காலமானால் தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்றார்.

சாயங்காலம் என்றதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலையில் சரியாக இருந்து சாயங்காலம் தொங்குகிறதா, இரண்டு இரண்டாகத் தெரிகிறதா, சாப்பாடு விழுங்கக் கஷ்டமா, பேசப் பேசக் குரல் மூக்கால் வருகிறதா என்று வரிசையாகக் கேட்டார். மயஸ்தீனியா கிராவிஸ் என்று ஒரு நோய். நரம்பு சொல்வதைத் தசை வாங்கிக்கொள்கிற இடத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும். பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை சோர்ந்துபோகும், ஓய்வெடுத்தால் மீளும். நிறையப் பேருக்கு முதலில் கண்ணில்தான் காட்டும். கொஞ்ச நேரம் இமைக்காமல் மேலேயே பார்க்கச் சொன்னால் ரெப்பை மெல்ல மெல்ல இறங்கிவரும். இன்னொரு சோதனை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கையுறைக்குள் ஐஸ் கட்டி போட்டு மூடிய ரெப்பை மேல் இரண்டு நிமிஷம் வைத்தார். மயஸ்தீனியாவாக இருந்தால் குளிர்ச்சியில் ரெப்பை 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ ஏறிவிடுமாம். அப்பாவுக்கு ஏறவில்லை. நார்ப்பட்டை நைந்தவர்களுக்கும் சாயங்காலம் அசதியில் கொஞ்சம் கூடுதலாகத் தொங்கும், ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது என்றார். மயஸ்தீனியாவுக்கு மாத்திரை இருக்கிறது, தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று நெஞ்சை ஸ்கேன் எடுக்க வேண்டும், சில ஆன்டிபயாடிக் மருந்துகளே அவர்களுக்கு ஆகாது. அது தெரியாமல் ரெப்பையை மட்டும் வெட்டித் தைத்தால் நோய் உள்ளே அப்படியே இருக்கும், மூச்சுத் தசையைப் பிடித்தால் ஆபத்து.

திடீரென்று இறங்குவது வேறு கதை. ஒரே நாளில் ஒரு பக்க ரெப்பை மூடிக்கொண்டு, தூக்கிப் பார்த்தால் கண் வெளிப்பக்கமாகக் கீழே ஒதுங்கியிருந்து, கண்மணி மற்றதைவிட விரிந்திருந்து, தலைவலியும் இருந்தால், மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ஒரு வீக்கம் மூன்றாவது நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடித்தால் உயிர் போகும். அன்றைக்கே, அந்த மணியே, பெரிய மருத்துவமனை. சர்க்கரை நோயாலும் இதே நரம்பு படுத்துக்கொள்ளும், அப்போது கண்மணி பெரும்பாலும் விரியாது, மூன்று மாதம்போலப் போனால் தானாகச் சரியாகிவிடும். ஆனால் இது எது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்கிற விஷயம் இல்லை. ரெப்பை லேசாகத்தான் இறங்கியிருக்கிறது, அந்தக் கண்ணின் கண்மணி மட்டும் சின்னதாக இருக்கிறது என்றால் அதுவும் உடனே காட்ட வேண்டியது, கழுத்து ரத்தக்குழாயிலோ நுரையீரல் உச்சியிலோ கோளாறு இருக்கலாம். முகவாதம் என்று நாம் சொல்வதில் ரெப்பை தொங்காது, மூட முடியாமல் போகும். இதை மாற்றிப் புரிந்துகொள்பவர்கள் நிறைய.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது, அதை விரிவாகவே எழுதுகிறேன். நான் ஏற்காட்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். தினமும் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் இறங்குகிறேன். எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அக்காவின் அண்ணன் கீழே அடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் காவல் வேலை. மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, தரையில் பாய் விரித்துப் படுத்தவர், விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறார். சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மணிக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. "தூக்கம் தெளியல போல, இன்னும் கொஞ்சம் படுக்கட்டும்" என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவன்தான், "ரெண்டு ரெப்பையும் தொங்குது, இது கட்டுவிரியன்" என்று பிடிவாதமாக ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவன். கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வந்து, தூங்குகிறவரைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அதன் விஷம் நரம்புமுனையைத் தாக்கும், முதலில் சோர்வது பெரும்பாலும் ரெப்பைதான். பிறகு கண் அசையாது, எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு. நாகத்தின் விஷத்திலும் ரெப்பை இப்படித் தொங்கும், ஆனால் அதில் கடித்த இடம் வீங்கி வலிக்கும். கண்ணாடிவிரியனுக்குச் செய்கிற ரத்தம் உறைகிறதா என்ற 20 நிமிஷச் சோதனை கட்டுவிரியன் கடியில் சரியாகவே வரும், அதை நம்பி அனுப்பிவிட முடியாது. அந்த அண்ணன் ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்து வந்தார். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான் நம் நாட்டில் கொடுக்கிறார்கள், அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. ராத்திரி நன்றாகப் படுத்தவர் காலையில் வயிற்றுவலியோடு, ரெப்பை தொங்கி எழுந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள், கிளம்புங்கள்.

சரி, அப்பாவுக்கு வருகிறேன். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்துகிற பார்வைப்புலச் சோதனை செய்தார்கள். முதலில் அப்படியே, பிறகு ரெப்பையைப் பிளாஸ்திரி போட்டு மேலே ஒட்டிவிட்டு இன்னொரு முறை. முதல் தாளில் மேல் பாதி கறுப்பு. இரண்டாவது தாளில் அந்தக் கறுப்பு காணோம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அம்மா, "இத்தனை நாளா இப்படியா வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அம்மாவுக்கும் கண் சின்னதாகத்தான் தெரிகிறது, ஆனால் அவருக்கு ரெப்பை இறங்கவில்லை, மேல் தோல் தளர்ந்து மடிந்து இமைமுடி மேல் உட்கார்ந்திருக்கிறது. அது வேறு, அதற்கு அறுவை சிகிச்சையும் வேறு, அவருக்கு இப்போது வேண்டியதில்லை.

யூடியூபில் சொல்கிற கண் பயிற்சி, மசாஜ், க்ரீம் எதுவும் விட்டுப்போன நார்ப்பட்டையைத் திரும்ப ஒட்டாது. ஆக்சிமெட்டசோலின் 0.1 சதவீதச் சொட்டு மருந்து ஒன்றுக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள், அது முல்லர் தசையை முறுக்கிச் சில மணி நேரத்துக்கு ஒரு மில்லிமீட்டர்போலத் தூக்கும், லேசான தொய்வுக்குத்தான் சரி. அறுவை சிகிச்சை வேண்டாதவர்களுக்குக் கண்ணாடி பிரேமின் உட்பக்கம் ரெப்பையைத் தாங்குகிற மெல்லிய கம்பி வைத்துத் தருவதும் உண்டு. அப்பாவுக்கு அறுவை சிகிச்சைதான் என்று முடிவானது. டாக்டர் வலது ரெப்பையை விரலால் தூக்கிக் காட்டினார், உடனே இடது ரெப்பை இன்னும் கொஞ்சம் இறங்கியது. இரண்டு ரெப்பைக்கும் மூளை ஒரே அளவு உத்தரவுதான் அனுப்புமாம், ஒன்றைச் சரிசெய்தால் அதற்காக அனுப்பிய கூடுதல் உத்தரவு நின்றுபோய் மற்றது விழும். அதனால் இரண்டையும் ஒரே நாளில் செய்வது என்றார்கள்.

மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போக ஊசி மட்டும். அந்த ஊசிதான் வலித்தது என்றார் அப்பா. ரெப்பையின் மடிப்புக் கோட்டிலேயே வெட்டி, நழுவிய நார்ப்பட்டையைத் தேடிப் பிடித்து, முன்னால் இழுத்துத் தகட்டில் தைக்கிறார்கள். முடிச்சை இறுக்குவதற்கு முன்னால் ஆளை எழுப்பி உட்கார வைத்து, "ஐயா, நேரா பாருங்க, மேல பாருங்க, மூடுங்க" என்று உயரத்தைச் சரிபார்க்கிறார்கள். படுத்திருக்கிற கண்ணை நம்பக்கூடாதாம். ஆளைத் தூங்க வைக்காததற்குக் காரணமே இதுதான். முழுதாக ஒன்றேமுக்கால் மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், தாங்களாக நிறுத்தவும் கூடாது.

முதல் நான்கு நாள் அப்பாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஊதாவும் மஞ்சளுமாக வீக்கம், இரண்டு ரெப்பையும் ஆளுக்கொரு உயரத்தில். இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலையணை இரண்டு, ஏழாம் நாள் தையல் பிரிப்பு. தூங்கும்போது ரெப்பை முழுசாக மூடாமல் வெள்ளை தெரியும், கண் காயாமல் இருக்க ராத்திரி களிம்பு, பகலில் கண்ணீர் மாதிரி சொட்டு மருந்து. அளவு கூடியோ குறைந்தோ போய் மறுபடி திருத்த வேண்டி வருவது இதில் உண்டு என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அப்பாவுக்கு ஒன்றரை மாதத்தில் வீக்கம் வற்றியபோது வலது இடதைவிட அரை மில்லிமீட்டர் உயரமாக நின்றுவிட்டது. அவர் அதைக் கண்ணாடியில்கூடப் பார்ப்பதில்லை, நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. அவருடைய புருவம் கீழே இறங்கிவிட்டது. நெற்றிக்கு வேலை போய்விட்டது அல்லவா? குறுக்கே இருந்த மூன்று வரியும் மங்கி, அந்த நிரந்தர ஆச்சரியம் முகத்தைவிட்டுப் போய்விட்டது. "யாரோ மாதிரி இருக்கீங்க" என்றார் அம்மா. பிறகு ஆல்பத்தை எடுத்து அவர்கள் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, இப்படித்தான் இருந்தீங்க" என்றார்.

இப்போது அப்பா காலையில் மட்டும் பட்டறைக்குப் போகிறார். நான் எங்கே போனாலும் முகவாயைத் தூக்கிப் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அப்படித்தான் என் வகுப்பிலேயே ஒருவனைக் கவனித்தேன். இரண்டாம் வகுப்பு, எஸ்டேட் பிள்ளை, இடது ரெப்பை பாதிக் கண்ணை மூடியிருக்கும். மற்ற பிள்ளைகள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. ஒரு வருஷமாக என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான், கரும்பலகையை அண்ணாந்து பார்ப்பதை அவன் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அவன் அம்மாவிடம் எப்போதிலிருந்து என்று கேட்டேன். "பொறந்ததிலிருந்தே இப்படித்தான் டீச்சர், ஒண்ணும் பண்றதில்ல. பெரியவனானா சரியாயிடும்னு சொன்னாங்க."

பிறந்ததிலிருந்து என்றால் அவசரமில்லை என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறோம். இருப்பதிலேயே காலம் குறைவாக இருப்பது இந்தப் பிள்ளைகளுக்குத்தான். பிறவியிலேயே அந்தத் தூக்குகிற தசை சரியாக உருவாகாமல், தசையிருக்க வேண்டிய இடத்தில் நாரும் கொழுப்புமாக இருக்கும். அது வளர வளர நேராகாது. ரெப்பை பார்வையை மறைத்தாலோ, அழுத்தி அழுத்திக் கண்ணின் வளைவைக் கோணலாக்கிச் சிலிண்டர் பவரைக் கொண்டுவந்தாலோ, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும், சோம்பேறிக் கண் என்று சொல்வது அதைத்தான். ஏழு எட்டு வயதுக்குள் பிடித்தால் மீட்பது சுலபம், அதற்கு மேல் ஒவ்வொரு வருஷமும் கஷ்டம். அதற்குப் பிறகு ரெப்பையை எவ்வளவு அழகாகத் தூக்கிக் கட்டினாலும் பார்வை முழுதாக வராது. தசையே வேலை செய்யாத பிள்ளைகளுக்கு, தொடையிலிருந்து எடுத்த நாரையோ சிலிக்கான் இழையையோ கொண்டு ரெப்பையை நெற்றித் தசையோடு கட்டிவிடுவார்கள், புருவத்தைத் தூக்கினால் கண் திறக்கும். அப்பா தன் பாட்டுக்குப் பத்து வருஷம் செய்துகொண்டிருந்ததை டாக்டர்கள் தெரிந்தே செய்து கொடுக்கிறார்கள்.

பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வருகிற, ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடம் அவனைக் காட்டினேன், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒருநாள் லீவு போட்டு நானும் கூடவே போனேன். ரெப்பையை விட அவசரம் பார்வை என்றார்கள். கண்ணாடி போட்டாயிற்று, தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணைப் பட்டை ஒட்டி மூட வேண்டும், பார்வை எவ்வளவு தேறுகிறது என்று பார்த்துக்கொண்டே ரெப்பைக்குத் தேதி கொடுப்பார்கள். வீட்டில் பிடுங்கிப் போட்டுவிடுகிறான் என்று அவன் அம்மா அழுதார். அதனால் பட்டையை நானே வாங்கி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். காலையில் பிரேயர் முடிந்ததும் ஒட்டிவிடுவேன், இரண்டு பீரியடும் இன்டர்வெல்லும் போகும் வரை எடுக்கக்கூடாது. முதல் வாரம் எழுத மாட்டேன் என்று நோட்டைத் தள்ளிவிட்டான். நேற்று முதல் பெஞ்சிலிருந்து, முகவாயைத் தூக்கிக்கொண்டு, கரும்பலகையில் இருந்த நான்கு வரியையும் அந்த இடது கண்ணாலேயே பார்த்து எழுதினான். நாலாவது வரியில் இரண்டு எழுத்து விட்டிருந்தான்.